தட்டு நிறையக் காத்திருந்த ரத்தம்

ஐஸை எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டியவள் நான்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்று வந்த பிறகும் இந்தக் கதை எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் ஆள் மாறி நடமாடுவதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு லீவில் இருந்த ஒரு பெண்ணின் தலையில் அதைக் கட்டிவிட்டார்களாம். அவளுக்கு அந்தப் பெருமை வேண்டாம். செய்தது நான்.

சிற்றூழியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், படித்தவர்கள்தானே. வேலையைப் பற்றிச் சொல்வதில் பிழை இருந்தால் நேரே என் வீட்டுக்கு வாருங்கள், பேசிப் பார்ப்போம்.

தரை துடைப்பதையும் கட்டில் தள்ளுவதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும், வராதவர்களுக்கு எந்தக் காலத்திலும் வராது. எனக்கு ஆகாதது உங்கள் பேச்சு. "நாங்க வெறும் லேபருங்க, குடுக்கிறத கொண்டுபோறோம், அவ்வளவுதான்" என்று கையை விரித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அது. ஒரு டியூப் ரத்தத்தைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து ஆய்வுகூடத்து மேசையில் வைக்கும்வரை அந்த நோயாளிக்கு டொக்டரும் இல்லை, நர்ஸ் மிஸ்ஸும் இல்லை. உங்கள் இரண்டு கால்தான் இருக்கிறது.

நான் ராகலைப் பக்கம் பதினோரு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வந்த முதல் வருடமே எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. எப்படி என்று கேளுங்கள். பெரிய டொக்டர் ஒருவர் ரத்தம் எடுத்து டியூபை என்னிடம் நீட்டினார். அதில் பெயர் ஒட்டவில்லை. நான் நகரவில்லை.

"ஏன் நிக்கிறது?" என்றார்.

"பேர் எழுதிக் குடுங்க சேர்."

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"சரியா வராதுங்க சேர். எழுதியிருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியும்."

வாட்டே சிரித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ரத்தம் கொண்டுபோகும் வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு எல்லாம் நான்தான் உபதேசம் செய்தேன். இப்போது நீங்கள் கேட்கிற மாதிரி அவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி மலைச்சரிவில் கட்டியது. வாட்டு மேலே, ஆய்வுகூடம் கீழே. நடுவில் எழுபது படி. மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தட்டில் ஒன்றிரண்டு டியூப் இருந்தால் போக மாட்டோம். பத்துப் பன்னிரண்டு சேரட்டும், ஒரே நடையாக இறங்குவோம் என்று இருப்போம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் கொழுந்து எடுத்த பெண்கள். அரைக் கூடையோடு நிறுவைக்குப் போனால் கங்காணி எப்படி ஏசுவார் என்று முதுகுக்கே தெரியும். கூடை நிறையாமல் மலையை விட்டு இறங்கக்கூடாது. அந்தப் புத்தியை அப்படியே ஆஸ்பத்திரிக்கும் சுமந்துகொண்டு வந்தோம். கொழுந்து கூடையில் கிடந்தால் வாடும், அது எங்களுக்குத் தெரியும். ரத்தம் டியூபில் கிடந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இரண்டாயிரம் ஆண்டு கழிந்து சில வருடங்களில் கொழும்பிலிருந்து ஓர் இளம் டொக்டர் வந்தார். கெட்டிக்காரர், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவருக்கு நோயாளியின் முகத்தைவிடக் கடதாசியில் பிரியம். அவர் வந்த பிறகுதான் லெக்டேட் என்ற ரத்தச் சோதனை எங்களிடம் நடக்கத் தொடங்கியது. உடம்பில் ஏதாவது ஓர் இடத்துக்கு ரத்தம் ஓடாமல் நின்றால் அங்கே சதை புளிக்கத் தொடங்குமாம். அந்தப் புளிப்பு ரத்தத்தில் ஏறுமாம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் ஆள் பிழைப்பானா மாட்டானா என்று ஓரளவு சொல்லிவிடலாமாம்.

ஆய்வுகூடத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. முதல்முறை அந்தச் சோதனை வந்தபோதே என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "இஞ்ச பாருங்கோ. இது ஐஸில வரவேணும். கால் மணித்தியாலத்துக்குள்ள வரவேணும். வெளியில வைச்சால் டியூப்புக்குள்ளயே புளிப்பு ஏறிப்போம். பிறகு அது ஆளின்ர கணக்கில்லை, டியூப்பின்ர கணக்கு. விளங்கினதோ?"

"வெளங்குச்சுங்க ஐயா" என்றேன். விளங்கித்தான் இருந்தது. விளங்காமல் செய்த பிழை என்று யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். டயகமப் பக்கத்துத் தோட்டத்து லொறியில் ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். சுப்பையா என்று பெயர், நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டு நின்றவன், திடீரென்று முதுகில் கத்தி இறங்கியது போலத் துடித்து, பின்னால் நின்றவனைத் திரும்பிப் பார்த்து, "எவன்டா வெட்டுனது?" என்று கத்தினானாம். முதுகில் கீறல்கூட இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் வாயு என்று சொல்லி ஒரு குளிசையைக் கொடுத்திருக்கிறார். வாயு! அந்த மருந்துக்காரருக்கு நெஞ்சிலிருந்து முழங்கால்வரை எல்லாமே வாயுதான்.

எங்கள் இளம் டொக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்துச் சட்டென்று பிடித்துவிட்டார். நெஞ்சிலிருந்து இறங்கும் பெருநாடியின் உள்சுவர் கிழிந்திருந்தது. கிழிந்த வழியில் ரத்தம் புகுந்து மேலும் மேலும் கிழித்துக்கொண்டு போகும். கொழும்பில் வெட்டித் தைத்தால்தான் உண்டு. டொக்டர் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். அங்கிருந்த பெரிய டொக்டர் கேட்ட முதல் கேள்வி, லெக்டேட் எவ்வளவு என்பது. ஆறேழு மணி நேரம் வளைந்து வளைந்து போகிற பாதை. குடலுக்கு ரத்தம் நின்று அழுகத் தொடங்கிய ஆளை அனுப்பி என்ன பயன் என்று அவருக்கு யோசனை.

டொக்டர் ரத்தம் எடுத்தார். ஒரு கோப்பையில் ஐஸ் போட்டு அதற்குள் டியூபை நிறுத்தி என்னிடம் தந்தார். என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். "உடனே" என்றார்.

சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. வெளியே பனி மூடிக் கிடந்தது. நான் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தேன். என் கூட வேலை செய்த சரோஜா கோப்பையைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தக் குளிருக்கு ஐஸா அக்கா? அந்தாளுக்குக் கொழும்பு நெனப்பு இன்னும் போகல."

"போயிரும். ஒரு மழைக்காலம் போகட்டும்" என்றேன். ஐஸைக் கொட்டினேன். டியூபைத் தட்டில் வைத்தேன். தட்டில் அதோடு மூன்று இருந்தது. மறுபக்கத்து வாட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் வந்துவிடட்டும் என்று நின்றேன்.

தட்டு நிறைந்து நான் படியிறங்கியபோது பதினொன்றரை.

ஆய்வுகூடத்து ஐயா டியூபைத் தூக்கிப் பார்த்தார். "எப்ப எடுத்த ரத்தம்?"

"இப்பதாங்க ஐயா."

"இப்ப எண்டால்?"

"இப்பன்னா இப்பதாங்க. டொக்டர் கையில வாங்கி நேரா வாறேன்."

"ஐஸ் எங்க?"

"வர்ற வழியில கரைஞ்சிருச்சு."

"இந்தக் குளிருக்கு ஐஸ் கரைஞ்சதோ?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு முகம் மாறவில்லை. பெயர் எடுத்தவள் அல்லவா, முகம் மாறாமல் நிற்க எனக்குத் தெரியும். அவருக்கும் சந்தேகம் வந்ததுதான். ஆனால் மேசை நிறைய வேலை. சந்தேகத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ரத்தத்தை மெஷினில் போட்டார். ரத்தம் பொய் சொல்லாது என்று இந்தப் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லாது. கொண்டுபோகிறவள் சொல்வாள்.

பன்னிரண்டு மணிக்குக் கடதாசி வந்தது. டொக்டர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், கொழும்புக்குச் சொன்னார். அனுப்ப வேண்டாம் என்று பதில் வந்தது. அவர் கட்டிலுக்குப் போய் அந்த ஆளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாரா? இல்லை. கடதாசியைத்தான் இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். சுப்பையாவின் மனைவிக்குச் சிங்களம் தெரியாது. அதனால் நான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் பார்வதி. கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்தவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. லொறி டிரைவர் பக்கத்தில் நின்றான்.

"கொழும்புக்கு அனுப்பிப் பிரயோசனம் இல்லையாம்மா" என்றேன். "வழியிலயே ஏதாவது ஆயிருமாம். இங்கயே வலி தெரியாம வச்சிக்கிறோம்ங்கிறாரு. பொழுது தாண்டுறது கஷ்டமாம்."

அவள் அழவில்லை. "யாரு சொல்றா?"

"டொக்டர்தான்."

"அவரு கிட்ட வந்தே பாக்கலையே. எப்படிச் சொல்றாரு?"

"ரத்தத்துல தெரியுதாம்மா."

"ரத்தத்துல என்னாங்க தெரியுது?"

ரத்தத்தில் என்ன தெரிந்தது? பத்தேகாலிலிருந்து பதினொன்றரைவரை நான் தட்டு நிறையக் காத்து நின்றது தெரிந்தது. அந்த நிமிடம் வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

டிரைவர் தோட்டத்துக்குச் செய்தி கொண்டுபோனான். எங்கள் மலைப்பக்கத்தில் செய்தி போகிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். லொறியில் ஏறும்போது 'பிழைக்க மாட்டான்' என்று இருந்தது, தோட்டத்து லயத்து வீடுகளில் இறங்கும்போது 'செத்துப்போனான்' என்று ஆகிவிட்டது.

நான் சுப்பையாவின் கட்டிலுக்குப் போனேன். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "அக்கா, ஒரு பிளேன்டீ கெடைக்குமா?" என்றான். காலைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு காலும் சூடு. போத்தலில் சிறுநீர் இறங்கியிருந்தது. திருப்பிப் படுக்க வைக்கும்போது வயிற்றில் கை பட்டது. முகம் சுளிக்கவில்லை. வயிறு அழுகிச் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கட்டிலில் தொட முடியாது, போர்வை பட்டாலே கத்துவார்கள். இவன் தேத்தண்ணி கேட்கிறான்.

சரோஜாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் இழுத்தாள். "ஒனக்கென்னா பைத்தியமாக்கா? வாயத் தொறந்த, ஒன் வேலை போச்சு. அந்தாளு எப்படியும் போகப்போறாரு. நீ சொன்னா மட்டும் நாடி ஒட்டிக்கிடப் போகுதா?"

நல்ல பெண்தான் சரோஜா. என் மேல் உள்ள அன்பில் சொன்னாள். அந்த அன்பை வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு மனிதன் மாலைக்குள் சவம். கிட்டத்தட்ட அரை மணி நேரம் நான் அந்த அறைக்குள் விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றேன். மடித்ததையே மடித்தேன். வேலை போனால் மறுபடி மலைக்குப் போகலாம், அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் பெயர் எழுதித் தரச் சொன்னவள் என்று அத்தனை பேரும் சொன்ன வாயால் 'அவ பொய் சொல்லி ஆளைக் கொன்னவ' என்று சொல்வார்களே. அந்த நேரத்தில் நான் பயந்தது அதற்குத்தான். சுப்பையாவுக்காக அல்ல. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

ஒன்றேகாலுக்கு டொக்டரின் அறைக்குப் போனேன். சோற்றுப் பார்சல் பிரித்து வைத்திருந்தார்.

"சேர், அந்த ரத்தம் சரியில்ல. ஐஸ நான் கொட்டிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல மேலேயே வச்சிருந்தேன். லெப்புல கேட்டப்ப இப்பத்தான் எடுத்ததுன்னு பொய் சொன்னேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. பிறகு ஏசினார். அதை எல்லாம் எழுத வேண்டாம், எனக்குச் சிங்களத்தில் அதுவரை தெரியாத சொற்களும் வந்தன. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஏசி முடித்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் கவனியுங்கள். உட்கார்ந்தபடியே சொன்னார்:

"நான் கொழும்புக்குச் சொல்லியாச்சு. இனி அவருக்கு எடுத்து என்ன சொல்றது? எங்க லேபர் பொம்பளை தட்டு நிறையிறவரைக்கும் காத்திருந்தான்னா? என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

நான் சாமான் அறையில் மடித்துக்கொண்டு நின்ற அதே விரிப்பைத்தான் இவர் இங்கே உட்கார்ந்து மடிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு மூன்றாம் வகுப்பு, அவருக்கு எத்தனையோ பட்டம். பயம் மட்டும் ஒரே அளவு.

"நீங்களும் வெக்கப்படுங்க சேர், நானும் வெக்கப்படுறேன்" என்றேன். "அதுக்கு அந்தாளு ஏன் சாகணும்?"

அவர் எழுந்தார். பிறகு கை கழுவினார். சோறு அப்படியே கிடந்தது.

புதிதாக ரத்தம் எடுத்தார். இந்த முறை அவர் ஐஸ் போட்டுத் தரும்வரை நான் காத்திருக்கவில்லை, ஐஸ் போட்ட கோப்பையோடு நானே நின்றேன். எழுபது படியையும் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். கடைசிப் பத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்கை கிழிந்தது, கோப்பை கையில் நின்றது.

ஆய்வுகூடத்து ஐயா என் முழங்கையையும் கோப்பையையும் பார்த்தார். "அப்ப காலமை வந்தது?"

"பொய்யிங்க ஐயா."

அவர் மற்ற டியூப்களை ஒதுக்கிவிட்டு இதை முதலில் போட்டார். நான் நின்றேன். கடதாசி வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கொஞ்சம் கூடத்தான். ஆனால் காலமை வந்ததில அரைவாசியும் இல்லை. கெதியா மேல போங்கோ."

டொக்டர் கொழும்புக்கு எடுத்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னார், அதற்கு அவரை மதிக்கிறேன். அந்தப் பக்கம் என்ன ஏச்சு விழுந்ததோ, காது சிவந்துவிட்டது. அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இரண்டரைக்கு அம்புலன்ஸ் புறப்பட்டது. டொக்டர் தானே கூட ஏறினார். பார்வதி ஏறப்போகும்போது என்னிடம் திரும்பி, "இப்ப மட்டும் எப்படிங்க அனுப்புறாங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன், எல்லாவற்றையும். அவள் கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

சுப்பையாவுக்கு அங்கே வெட்டித் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் கண் விழித்தான் என்று செய்தி வந்தது. உடனே எங்கள் வாட்டில் என்ன பேச்சுத் தெரியுமா? அந்தச் சோதனை எவ்வளவு துல்லியம், இரண்டாவது கடதாசி சொன்னபடியே நடந்ததே என்று. முதல் கடதாசியையும் இதே வாய்கள்தான் நம்பின. சோதனை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அது நல்ல சோதனை. கொடுத்த ரத்தத்துக்கு அது ஒழுங்காகத்தான் பதில் சொன்னது. கொடுத்தவளையும் பார்க்காமல், படுத்திருப்பவனையும் பார்க்காமல், நடுவில் இருக்கும் இலக்கத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். நாளைக்கு உங்களில் ஒருவர் கையில் டியூபோடு சுவரில் சாய்ந்து நின்றால், அந்தக் கோபத்தில் பாதி உங்களுக்கு.

என்னை விசாரித்தார்கள். ஆறு மாதம் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. கிளாக்கர் வாசித்துத் தமிழில் சொன்னார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

வெளுக்கும் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்த ஒரு காலை, பார்வதி வந்தாள். சுப்பையா கொழும்புக்குப் போய் எட்டாம் நாள். நடுவில் தோட்டத்துக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மறுபடி கொழும்புக்குப் போகிற வழி. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையைச் சேலையில் துடைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் தலைக்கனம் இருந்தது.

"வாம்மா. எப்படி இருக்காரு?"

"இருக்காரு. கஞ்சி குடிக்கிறாரு." பிறகு நேரே என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு டிரைவர் போயிச் சொன்னான்ல, நீங்க சொன்னத. லயத்துல ஆம்பளைங்க எல்லாம் வேலைய விட்டுட்டுப் போயிக் குழி வெட்டிட்டாங்க. நான் திரும்பி வந்தப்ப அவரு பேருக்கு ஒரு குழி தொறந்து கெடந்துச்சு."

நான் கையை மறுபடி சேலையில் துடைத்தேன்.

"மூடுங்கன்னேன். ஒருத்தனும் கிட்ட வரல. ஆள் இல்லாம மூடப்படாதாம், வாழக்கட்டையாச்சும் போட்டுத்தான் மூடணுமாம். என் புருசன் குழியில ஒரு கட்டையும் விழ வேணாம்னு நானே மம்பட்டிய எடுத்தேன். மூத்தவ கூட வந்தா. மழை வேற. மண்ணு இல்லைங்க அது, சேறு. பகல் பூரா தள்ளுனேன்."

இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். கொழுந்து எடுக்கிறவள் கையில் கறையும் காய்ப்பும் விரலில்தான் இருக்கும். எனக்கும் பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தது. அவளுக்கு உள்ளங்கை நடுவில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது, இரண்டு கையிலும்.

"நன்றி சொல்ல வரலீங்க" என்றாள். "இதக் காட்டத்தான் வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போய்விட்டாள். கிளாக்கர் வாசித்துச் சொன்ன கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்று கேட்டால் எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை. அவள் காட்டியதை எனக்கு யாரும் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.